எதை வெட்டுவது? பீட்டில்ஸின் வெள்ளைத் தட்டும் ஸ்டோன்ஸின் எக்ஸைலும்

இரட்டை இசைத்தட்டு என்றாலே விமர்சகருக்குக் கத்தரி நினைவு வந்துவிடும். நான்கு பக்கங்களை இரண்டாகக் குறைத்திருந்தால் அருமையான ஆல்பம் கிடைத்திருக்குமே என்ற அங்கலாய்ப்பு, 1966இல் பாப் டிலன் 'பிளாண்ட் ஆன் பிளாண்ட்' என்ற இரட்டைத் தட்டைக் கொண்டுவந்த நாளிலிருந்து ராக் இசையில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இந்தக் கத்தரிக்கு இரண்டு பெரிய இலக்குகள் உண்டு. ஒன்று, 1968 நவம்பர் 22 அன்று பீட்டில்ஸ் தங்கள் பெயரையே தலைப்பாக வைத்து வெளியிட்ட தட்டு. அட்டை வெள்ளையாக இருந்ததால் உலகம் அதை 'ஒயிட் ஆல்பம்' என்றே அழைக்கிறது. மற்றொன்று, 1972 மே மாதம் ரோலிங் ஸ்டோன்ஸ் வெளியிட்ட 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்'. முதலாவதை எப்படிச் சுருக்கலாம் என்று இன்றைக்கும் ரசிகர்கள் பட்டியல் போட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். இரண்டாவதைச் சுருக்கும் பேச்சு எப்போதோ ஓய்ந்துவிட்டது. இரண்டுமே அளவுக்கு மீறியவை என்றுதான் ஆரம்பத்தில் திட்டு வாங்கின. பிறகு ஏன் இப்படிப் பிரிந்தன? இரண்டும் உருவான விதத்தில் அதற்கு விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வழக்கமாகச் சொல்லப்படும் ஒப்பீடு வேறு. ஒயிட் ஆல்பம், உடைந்துகொண்டிருந்த ஒரு குழு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து செய்தது. எக்ஸைல், ஒரே வீட்டில் கும்பலாகத் தங்கி, குடித்து, வாசித்துக் கூட்டாகச் செய்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் பாட்டில் யார் வாசித்தார்கள் என்று பார்க்கத் தொடங்கினால் இந்தக் கதை நிற்காது.

எக்ஸைலில் பதினெட்டுப் பாடல்கள். ஸ்டோன்ஸின் பேஸ் கலைஞர் பில் வைமன் வாசித்தவை அவற்றில் பாதிகூட இல்லை. மற்றவற்றில் கிட்டார்காரர்களான கீத் ரிச்சர்ட்ஸோ மிக் டெய்லரோ வெளியாள் ஒருவரோ பேஸ் வாசித்திருக்கிறார்கள். 'ஹேப்பி', 'ஷைன் எ லைட்' இரண்டிலும் டிரம்ஸ் வாசித்தவர் குழுவின் டிரம்ஸ்காரர் சார்லி வாட்ஸ் இல்லை, தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர். பதிவு நடந்த தெற்கு பிரான்ஸ் வீட்டை விட்டுப் பாடகர் மிக் ஜாகர் அடிக்கடி பாரிசுக்குப் போய்விடுவார். மனைவி பியாங்கா கர்ப்பமாக இருந்தார். சார்லி வீடு பார்த்துக்கொண்டதோ அங்கிருந்து பல மணி நேர கார்ப் பயணத் தொலைவில். ஒயிட் ஆல்பத்திலும் முப்பது பாடல்களில் நால்வரும் சேர்ந்து வாசித்தவை ஏறக்குறைய பாதிதான். ஆக, வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் இரண்டு குழுக்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் பாட்டு எப்போது பிறந்தது என்பதில் இருக்கிறது. ஒயிட் ஆல்பத்தின் பாடல்கள், ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் நுழையும் முன்பே பாடல்களாக இருந்தன. எக்ஸைலின் பாடல்கள் பெரும்பாலும் நாடா ஓட ஓடத்தான் பாடல்களாயின.

முதலாவதன் கதை ரிஷிகேஷில் தொடங்குகிறது. 1968 பிப்ரவரியில் பீட்டில்ஸ் நால்வரும் மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்துக்குப் போனார்கள். அவர்களை வழிநடத்திய மேலாளர் பிரையன் எப்ஸ்டைன் முந்தைய ஆகஸ்டில்தான் இறந்திருந்தார். தியானம் எந்த அளவுக்குக் கைகூடியதோ தெரியாது, பாட்டு கைகூடியது. ரிங்கோ ஸ்டார் பத்து நாள் சொச்சத்தில் மூட்டை கட்டிவிட்டார். சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, மனைவிக்கு ஈ என்றாலே ஆகாது. மெக்கார்ட்னி மார்ச் கடைசியிலும், லெனனும் ஹாரிசனும் ஏப்ரலில் மகரிஷியோடு மனக்கசப்பாகியும் கிளம்பினார்கள். அதற்குள் டஜன் கணக்கில் பாடல்கள் சேர்ந்துவிட்டன.

அங்கே அவர்கள் கையில் இருந்தது மரக் கிட்டார்தான். பியானோ இல்லை, வாத்தியக் குழு இல்லை, முந்தைய ஆண்டு 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்தில் செய்துகாட்டிய ஒலி வித்தைகளுக்கு வழியே இல்லை. எனவே ஒரு கிட்டாரும் ஒரு குரலும் தாங்கக்கூடிய பாட்டுகளாகவே எல்லாம் வந்தன. ஸ்காட்லாந்துப் பாடகர் டோனவனும் அங்கே இருந்தார். விரல்களால் தனித்தனியாகத் தந்தி மீட்டும் நாட்டுப்புறப் பாணி ஒன்றை லெனன் அவரிடம் கற்றுக்கொண்டார். 'டியர் புரூடன்ஸ்', 'ஜூலியா' இரண்டையும் கேட்டால் அந்தப் பாடத்தின் பலன் தெரியும். புரூடன்ஸ் என்பவர் நடிகை மியா ஃபாரோவின் தங்கை. தியானத்தில் ஆழ்ந்து அறையை விட்டே வெளிவராமல் இருந்தவரை வெளியே அழைக்கும் பாட்டு அது.

ஊர் திரும்பியதும் மே மாதக் கடைசியில் ஈஷரிலிருந்த ஜார்ஜ் ஹாரிசனின் வீட்டில் கூடினார்கள். ஒரு நான்கு தட ஆம்பெக்ஸ் பதிவுக் கருவி, சில கிட்டார்கள், கைத்தட்டல். அங்கே மாதிரியாகப் பதிவான இருபத்தேழு பாடல்களில் பாதிக்கு மேற்பட்டவை பிறகு புதிதாகப் பதிவாகி ஒயிட் ஆல்பத்தில் இடம்பெற்றன. கேட்டுப் பார்த்தால் தெரியும், சொல்லும் மெட்டும் அநேகமாக முடிந்துபோயிருக்கின்றன. இதற்குப் பிறகு பெரும்பாலும் லண்டன் ஆபி ரோட்டில் ஈஎம்ஐ கூடத்தில் மே 30 தொடங்கி அக்டோபர் நடுப்பகுதி வரை நான்கரை மாதம் நடந்தது, முடிந்த பாடல்களுக்கு உடை தைக்கும் வேலை.

அந்த நான்கரை மாதத்தில் நடக்காத கூத்தில்லை. 'ஓப்லடி ஓப்லடா'வை மெக்கார்ட்னி திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னதில் எல்லோரும் வெறுத்துப்போனார்கள். ஜூலையில் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக் சூழல் தாங்காமல் வேலையை விட்டே போனார். செப்டம்பரில் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் விடுமுறை எடுத்துக்கொண்டு, இருபத்தொரு வயது உதவியாளர் கிரிஸ் தாமஸின் கையில் உலகின் மிகப் புகழ்பெற்ற குழுவை ஒப்படைத்துவிட்டுப் போனார். ஹாரிசனின் 'நாட் கில்டி' நூறு முறைக்கு மேல் பதிவாகியும் கடைசியில் ஆல்பத்தில் சேரவில்லை. லெனனின் பக்கத்திலிருந்து அவருடைய காதலி யோகோ ஓனோ நகரவே இல்லை. இதைப் பற்றி ஐம்பது ஆண்டுகளாக வாய் ஓயாமல் பேசியாகிவிட்டது. அதில் பாதி வெறும் வம்பு.

ஆகஸ்ட் 22 அன்று ரிங்கோவும் போய்விட்டார். தன் வாசிப்பு எடுபடவில்லை, மற்ற மூவரும் நெருக்கம், தான் மட்டும் வெளியாள் என்று அவருக்குப் பட்டது. சார்டீனியாவுக்குப் போய்ப் படகில் உட்கார்ந்துகொண்டார். அவர் இல்லாத நாட்களில் 'பேக் இன் தி யுஎஸ்எஸ்ஆர்', 'டியர் புரூடன்ஸ்' இரண்டும் பதிவாயின. டிரம்ஸ் பெரும்பாலும் மெக்கார்ட்னி. ஆல்பத்தைத் தொடங்கி வைக்கும் இரண்டு பாட்டிலுமே அந்தக் குழுவின் டிரம்ஸ்காரர் இல்லை! செப்டம்பர் தொடக்கத்தில் அவர் திரும்பியபோது டிரம்ஸ் முழுக்கப் பூ அலங்காரம் செய்து வைத்திருந்தார்கள். செப்டம்பர் 6 அன்று ஹாரிசன் தன் 'வைல் மை கிட்டார் ஜென்ட்லி வீப்ஸ்' பாட்டுக்கு நண்பர் எரிக் கிளாப்டனை அழைத்துவந்தார். வெளியாள் ஒருவர் வந்து உட்கார்ந்ததும் வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒழுங்காக நடந்துகொண்டார்களாம்.

எக்ஸைலிலும் டிரம்ஸ்காரர் இல்லாத பாட்டு உண்டு என்றேன். ஆனால் அங்கே காரணம் மனத்தாங்கல் இல்லை. பக்கத்தில் யார் இருந்தார்களோ அவர்களை வைத்து வாசித்தார்கள், அவ்வளவுதான். 'ஹேப்பி' உருவான பிற்பகலில் கீத் மெட்டோடு தயாராக இருந்தார். குழுவில் வேறு யாரும் வந்து சேரவில்லை. சாக்ஸபோன்காரர் பாபி கீஸ் இருந்தார், ஜிம்மி மில்லர் இருந்தார். ஒருவர் பாரிட்டோன் சாக்ஸபோனைப் பிடிக்க, இன்னொருவர் டிரம்ஸில் உட்கார, கீத் கிட்டாரோடு பாடவும் செய்தார். சில மணி நேரத்தில் பாட்டின் அடித்தளம் பதிவாகிவிட்டது. மற்றதைப் பிறகு ஏற்றிக்கொண்டார்கள். ரிங்கோவின் இடத்தில் மெக்கார்ட்னி உட்கார்ந்தது ஒரு நெருக்கடி. சார்லியின் இடத்தில் மில்லர் உட்கார்ந்தது சாதாரண ஒரு பிற்பகல்.

ஸ்டோன்ஸ் பிரான்சுக்குப் போன காரணம் இசையே இல்லை, வரி. பெரிய வருமானக்காரர்களிடம் இங்கிலாந்து அரசு வருமானத்தின் பெரும்பகுதியை வரியாக வாங்கிய காலம் அது. பழைய மேலாளர் ஆலன் க்ளைன் காலத்து வரிப் பாக்கி வேறு தலைக்கு மேல் நின்றது. (அவரைத்தான் 1969இல் பீட்டில்ஸில் மூவர் தங்கள் மேலாளராக்கிக்கொண்டார்கள், மெக்கார்ட்னி மட்டும் ஒப்பவில்லை.) பீட்டில்ஸ் இதே வரியைப் பற்றி 1966இல் 'டாக்ஸ்மேன்' என்று ஒரு பாட்டுப் போட்டுப் புலம்பியதோடு சரி. ஸ்டோன்ஸ் 1971 வசந்தத்தில் பெட்டி படுக்கையோடு நாட்டை விட்டே கிளம்பினார்கள். ஆல்பத்தின் பெயரில் இருக்கும் நாடு கடந்த வாழ்வு அதுதான். கேட்பதற்குச் சோகமாக இருந்தாலும், போய்ச் சேர்ந்த இடம் மத்தியதரைக் கடலோரம்.

வில்ஃப்ரான்ஷ்-சுர்-மேரில் நெல்கோட் என்ற மாளிகையைக் கீத் வாடகைக்கு எடுத்தார். பக்கத்தில் நல்ல ஒலிப்பதிவுக் கூடம் தேடிப் பார்த்தும் திருப்தியாக எதுவும் அமையவில்லை. ஸ்டோன்ஸுக்குச் சொந்தமாக ஒரு நடமாடும் ஒலிப்பதிவு லாரி இருந்தது. அதைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, கேபிள்களை வீட்டின் நிலவறைக்குள் இழுத்தார்கள். 

நிலவறை ஒரு கூடமாக இல்லை, சின்னச் சின்ன அறைகள். வாசிப்பவர் ஓர் அறையில், அவர் ஆம்ப்ளிஃபயர் இன்னோர் அறையில். ஊதுகருவிக்காரர்கள் நடைபாதையில். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் வெளியே லாரிக்குள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் ஓடி இறங்கி வர வேண்டும். தெற்கு பிரான்சின் கோடை, காற்றோட்டம் கிடையாது, சுவரெல்லாம் ஈரம். சுருதி சேர்த்த கிட்டார் பாட்டு முடியும் முன்பே கலைந்துவிடும். 'வென்டிலேட்டர் ப்ளூஸ்' என்ற பெயர் அந்தப் புழுக்கத்திலிருந்து வந்ததுதான். ஸ்டோன்ஸ் பாட்டுகளில் மிக் டெய்லரின் பெயர் அதிகாரபூர்வமாக இசையமைப்பாளர் பட்டியலில் ஏறியது இந்த ஒன்றில்தான். கிட்டாரில் அவர் செய்த வேலைக்கு அது மிகக் குறைந்த கூலி.

வீட்டு மாடியில் விருந்தாளிகள் கூட்டம். அமெரிக்கப் பாடகர் கிராம் பார்சன்ஸ் வாரக்கணக்கில் தங்கி, கீத்தோடு கன்ட்ரி பாட்டுகளாகப் பாடித் தள்ளினார். ஹெராயின் தாராளமாகப் புழங்கியது. கீத் மகனைத் தூங்க வைக்க மாடி ஏறினால் எப்போது இறங்குவார் என்று யாருக்கும் தெரியாது. அக்டோபரில் பட்டப்பகலில் திருடர்கள் புகுந்து கீத்தின் கிட்டார்களை அள்ளிக்கொண்டு போனார்கள். இந்தக் கதைகளெல்லாம் சேர்ந்து நெல்கோட்டை ஒரு புராணமாக ஆக்கிவிட்டன. ஆனால் எக்ஸைல் முழுக்க நெல்கோட்டில் பிறந்தது என்பது பாதி உண்மை. 'லவிங் கப்' 1969 ஜூலையில் ஹைட் பார்க் கச்சேரியிலேயே ஒலித்த பாட்டு. வேறு சிலவற்றின் வேர் லண்டன் ஒலிம்பிக் கூடத்திலும் ஜாகரின் கிராமத்து மாளிகையிலும் இருக்கிறது. இரண்டு பாட்டுகள் ஸ்லிம் ஹார்ப்போவுடையதும் ராபர்ட் ஜான்சனுடையதும்.

நெல்கோட்டில் நடந்தது என்னவென்றால், ஒரு கிட்டார் வரிசை, ஒரு தாளம், அதன் மேல் மணிக்கணக்கில் வாசிப்பு. விடியும் நேரத்தில் எப்போதாவது எல்லாம் ஒன்று கூடும். சொற்கள் பிறகு. 'டம்ப்ளிங் டைஸ்' நல்ல உதாரணம். அது முதலில் 'குட் டைம் விமன்' என்ற வேறொரு பாட்டு, வேகமும் வேறு. நிலவறையில் வாசித்து வாசித்து அந்தத் தள்ளாட்ட நடை வந்தது. பகடையாட்டச் சொற்கள் அதற்கும் பிறகு. லாஸ் ஏஞ்சலஸில் தங்கியிருந்த வீட்டைக் கவனித்துக்கொண்ட பெண்மணிக்குச் சூதாட்டம் பிடிக்கும், அவரோடு பேசிப் பொறுக்கியது என்று ஜாகரே சொல்லியிருக்கிறார். 'கசினோ பூகி'க்கு அதுகூட இல்லை. சொற்றொடர்களைத் துண்டுக் காகிதங்களில் எழுதிப்போட்டுக் கையில் வந்ததை எடுத்து வரிசைப்படுத்தினார்கள். இப்படிச் செய்த ஒரு பாட்டை ஈஷர் வீட்டில் மரக் கிட்டாரோடு பாடிக்காட்டு என்றால் பாட எதுவும் இருக்காது.

1971 டிசம்பரிலிருந்து சில மாதம் லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் சவுண்ட் கூடத்தில் ஜாகரின் ஆட்சி. நெல்கோட் கீத்தின் வீடு என்றால் இது ஜாகரின் இடம். காஸ்பல் பாணிப் பின்னணிக் குரல்கள், பியானோ, ஆர்கன் எல்லாம் இங்கே ஏறின. 'ஷைன் எ லைட்'டில் ஆர்கன் வாசித்த பில்லி பிரஸ்டன், 1969 ஜனவரியில் பீட்டில்ஸோடு உட்கார்ந்து 'கெட் பேக்' வாசித்தவர். எக்ஸைல் முழுக்கப் பியானோவில் தெரியும் நிக்கி ஹாப்கின்ஸ், 1968இல் பீட்டில்ஸின் 'ரெவல்யூஷன்' தனித்தட்டில் மின்பியானோ வாசித்தவர். எதிர் முகாம்கள் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தாலும் ஆட்கள் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தார்கள்.

இனி வரிசைப்படுத்தல். இரட்டைத் தட்டில் இதுவே பாதி கலை. 1968 அக்டோபர் 16 மாலை தொடங்கி மறுநாள் மாலை வரை, இருபத்து நான்கு மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்து, லெனனும் மெக்கார்ட்னியும் ஜார்ஜ் மார்ட்டினும் முப்பது பாடல்களுக்கு வரிசை அமைத்தார்கள். ரிங்கோ விடுமுறையில், ஹாரிசன் அமெரிக்காவில். ஹாரிசனின் நான்கு பாட்டும் பக்கத்துக்கு ஒன்றாகப் பங்கிடப்பட்டன. பறவை, பன்றி, ரக்கூன் என்று பெயரில் பிராணி வரும் மூன்று பாட்டுகளை இரண்டாம் பக்கத்தில் அடுத்தடுத்து வைத்தது குறும்பு. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மூச்சு விடவே இடம் தரவில்லை. 'பேக் இன் தி யுஎஸ்எஸ்ஆர்' பாட்டின் விமான ஓசை அடங்கும் முன்பே 'டியர் புரூடன்ஸ்' தொடங்கிவிடும். ஏனென்றால் அடுத்தடுத்த பாட்டுகளுக்கு ஒன்றோடொன்று எந்த உறவும் இல்லை, ஒட்டுவேலைதான் உறவு. கன்ட்ரி, ஸ்கா, நையாண்டி, தாலாட்டு, காது கிழியும் 'ஹெல்ட்டர் ஸ்கெல்ட்டர்', எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒலித்துணுக்குக் கோவையான 'ரெவல்யூஷன் 9'. கதை, துணுக்கு, கேலிச்சித்திரம், பக்திக் கட்டுரை என்று கனமாகக் கட்டிய தீபாவளி மலர் மாதிரி. புரட்டுகிறவர் தனக்குப் பிடிக்காத பக்கத்தைத் தாண்டிப் போகலாம். மலருக்கு ஒன்றும் ஆகாது.

எக்ஸைலில் அப்படித் தாண்ட முடிவதில்லை. இரண்டாம் பக்கம் முழுக்க மரக் கிட்டாரின் தணிந்த மனநிலை, 'ஸ்வீட் வர்ஜீனியா'வில் தொடங்கி 'லவிங் கப்'பில் முடியும். நான்காம் பக்கம் மறுபடி சூடேறும். பாட்டுகள் ஒவ்வொன்றாக நினைவில் நிற்பதைவிடப் பக்கங்களே நிற்கின்றன. ஜாகரின் குரல் வாத்தியங்களுக்கு அடியில் அமுங்கிக் கிடக்கிறது. எந்தக் கிட்டார் யாருடையது என்று பிரிப்பது கடினம். கேட்பவர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே போகிறார். இதை வெறும் சோம்பேறித்தனமான மிக்சிங் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களில் முதல் ஆள் ஜாகர்.

வெளியானபோது இரண்டுமே அட்லாண்டிக்கின் இரு கரையிலும் முதலிடம் பிடித்தன. விமர்சகர்கள்தான் குழம்பினார்கள். ஒயிட் ஆல்பத்தை முன்வைத்து 'அப்சர்வர்' இதழில் டோனி பால்மர் லெனனையும் மெக்கார்ட்னியையும் ஷூபர்ட்டுக்கு நிகராக வைத்தார். 'நியூயார்க் டைம்ஸ்' இதழில் நிக் கோன் பெரும்பாலான பாட்டுகள் சலிப்பு தட்டுபவை என்று ஒதுக்கித் தள்ளினார். இடதுசாரி இளைஞர்களுக்கு வேறொரு கோபம். மே மாதம் பாரிஸ் கொந்தளித்து, ஆகஸ்டில் பிராகாவுக்குள் சோவியத் டாங்கிகள் நுழைந்து, வியட்நாம் எரிந்துகொண்டிருந்த ஆண்டில், புரட்சி என்று பெயர் வைத்த பாட்டிலேயே தயங்கி நிற்கிறார்களே என்றார்கள். ஒரே தட்டாகச் சுருக்கியிருக்கலாம் என்ற கருத்து ஜார்ஜ் மார்ட்டினுடையதே. மெக்கார்ட்னியோ பிற்காலத்தில், இது பீட்டில்ஸின் ஒயிட் ஆல்பம், நன்றாக விற்றது, இதற்கு மேல் என்ன பேச்சு என்ற தோரணையில் ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

எக்ஸைலுக்கு வந்த புகார் இதற்கு நேர் எதிர். அங்கே ஒவ்வொன்றும் ஒவ்வொரு தினுசு என்றால், இங்கே எல்லாம் ஒரே சேறு. 'ரோலிங் ஸ்டோன்' இதழில் லென்னி கே பாராட்டும் தயக்கமுமாக எழுதி, ஸ்டோன்ஸின் முதிர்ந்த காலத்து மாபெரும் ஆல்பம் இனிமேல்தான் வர வேண்டும் என்று முடித்தார். லெஸ்டர் பாங்ஸ் முதலில் தாக்கினார், சில மாதங்களில் மனம் மாறி வெளிப்படையாகவே புகழ்ந்தார். ஒரு விமர்சகர் தன் கருத்தை இத்தனை சீக்கிரம் திருப்பிப் போட்டது ஆல்பத்தின் தன்மையைக் காட்டுகிறது: முதல் தடவை கேட்டால் பிடிபடாது. ஒயிட் ஆல்பத்தில் 'பிளாக்பேர்ட்' முதல் தடவையிலேயே பிடித்துப்போகும், 'ரெவல்யூஷன் 9' பத்தாவது தடவையும் பலருக்குப் பிடிக்காது.

அட்டைகளும் இந்தக் குணத்தோடு பொருந்துகின்றன. ரிச்சர்ட் ஹாமில்டன் வடிவமைத்த வெள்ளை அட்டையில் மெலிதாக அழுத்திய பெயரும், ஒவ்வொரு பிரதிக்கும் தனி எண்ணும் மட்டுமே. உள்ளே நால்வருக்கும் நான்கு தனித்தனிப் படங்கள். ரிங்கோவிடம் இருந்த முதல் எண் பிரதி 2015இல் 7,90,000 டாலருக்கு ஏலம் போனது. எக்ஸைலின் அட்டையில் புகைப்படக் கலைஞர் ராபர்ட் ஃபிராங்க் எடுத்த பழைய அமெரிக்கப் படங்கள், வேடிக்கைக் காட்சிக்காரர்களின் முகங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. ஒரு பக்கத் தகவல்: ஒயிட் ஆல்பம் வந்து இரண்டே வாரத்தில் ஸ்டோன்ஸின் 'பெக்கர்ஸ் பேங்க்வெட்' வெளிவந்தது. கழிப்பறைச் சுவர்ப் படம் போட்ட அட்டையை நிறுவனம் மறுத்ததால் அழைப்பிதழ் போல வெறும் வெள்ளை அட்டையில் வந்தது. பீட்டில்ஸைப் பார்த்து ஈயடிச்சான் காப்பி என்று ஸ்டோன்ஸுக்குக் கெட்ட பெயர்.

காலம் போகப் போக இரண்டும் பட்டியல்களின் மேலே ஏறின. 2003இல் 'ரோலிங் ஸ்டோன்' வெளியிட்ட 500 சிறந்த ஆல்பங்களின் வரிசையில் எக்ஸைல் ஏழாவது, ஒயிட் ஆல்பம் பத்தாவது. நடுவே இருந்த இரண்டும் ('லண்டன் காலிங்', 'பிளாண்ட் ஆன் பிளாண்ட்') இரட்டைத் தட்டுகளே. கத்தரிக்காரர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள் என்று தெரியவில்லை. குறுந்தட்டு வந்தது எக்ஸைலுக்கு நல்லதாகவும் போயிற்று. 67 நிமிடம் என்பதால் ஒரே தட்டில் அடங்கி, எழுந்துபோய்ப் புரட்டிப் போடும் வேலை இல்லாமல், ஒரு நீண்ட இரவாக ஓடத் தொடங்கியது. 93 நிமிட ஒயிட் ஆல்பம் அப்போதும் இரண்டு தட்டுதான்.

பிற்காலக் கலைஞர்கள் இவற்றை எடுத்தாண்ட விதமும் கவனிக்கத்தக்கது. 1993இல் லிஸ் ஃபேர் 'எக்ஸைல் இன் கைவில்' என்று பதினெட்டுப் பாட்டுகளோடு ஓர் ஆல்பம் செய்து, அது ஸ்டோன்ஸின் ஆல்பத்துக்குப் பாட்டுக்குப் பாட்டு ஒரு பெண்ணின் பதில் என்றார். எக்ஸைலை முழுதாகத்தான் எதிர்கொள்ள முடிந்தது. 2004இல் டேஞ்சர் மவுஸ், ராப் பாடகர் ஜே-சீயின் 'பிளாக் ஆல்பம்' குரலோடு ஒயிட் ஆல்பத்தின் துண்டுகளை வெட்டி ஒட்டி 'கிரே ஆல்பம்' செய்தார். ஈஎம்ஐ தடுக்கப் பார்த்தும் அது பரவியது. ஒயிட் ஆல்பம் துண்டாடத் தோதானது. மிகக் கொடூரமாகத் துண்டாடியவனும் உண்டு: 1969 ஆகஸ்டில் தன் கும்பலை ஏவி நடத்திய கொலைகளுக்கு முன் சார்லஸ் மேன்சன் அதன் சில பாட்டுகளை மட்டும் பொறுக்கியெடுத்துத் தன் பைத்தியக்காரத்தனத்துக்குச் சாத்திரமாக்கிக்கொண்டான்.

என் வாதத்துக்கு வலுவான சான்று மறுபதிப்புகளில் கிடைக்கிறது. ஒயிட் ஆல்பத்தின் ஐம்பதாம் ஆண்டில், ஜார்ஜ் மார்ட்டினின் மகன் கைல்ஸ் மார்ட்டின் முப்பது பாட்டுகளையும் புதிதாக மிக்ஸ் செய்தார். அப்பா ஒன்றாகச் சுருக்கச் சொன்னதை மகன் ஏழு தட்டுப் பெட்டியாக்கினார் என்பது தனி வேடிக்கை. கூடவே ஈஷர் மாதிரிகளும் முதல்முறையாக முழுமையாக வெளிவந்தன. மிக்சிங் மாறியும், வாத்தியம் கழன்றும் பாட்டுகளுக்கு ஒரு சேதமும் இல்லை. சிலருக்கு மரக் கிட்டார் வடிவமே கூடுதலாகப் பிடித்தது. எக்ஸைலின் மறுபதிப்பு 2010இல் வந்து பிரிட்டனில் மறுபடி முதலிடத்துக்குப் போனது. அதன் மிக்சிங்கைப் பல ஆண்டுகளாகக் குறை சொல்லிவந்த ஜாகரே அந்தப் பணியில் முன்னால் நின்றார். சரிசெய்ய அதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது. ஆனாலும் அந்தப் பதினெட்டுப் பாட்டின் கலவையை அவர் தொடவில்லை. ஒலியைத் துடைத்துச் சுத்தம் செய்ததோடு சரி. கூடுதல் தட்டுக்காகப் பெட்டியிலிருந்து எடுத்த பழைய நாடாக்கள் சிலவற்றில் வாசிப்பு இருந்தது, பாட்டு இல்லை. 'பிளண்டர்ட் மை சோல்' அவற்றில் ஒன்று. அறுபதைத் தாண்டிய ஜாகர் உட்கார்ந்து அதற்குப் புதிதாகச் சொல் எழுதிப் பாடினார். 1974இலேயே குழுவை விட்டுப் போன மிக் டெய்லரைக் கூப்பிட்டு, நெல்கோட் காலத்து நாடாவின் மேல் இன்னொரு கிட்டார் வாசிக்கச் செய்தார்.